பத்துக்கு ஒன்பது அணில்

கடலுக்கு மேலே போனதும் விமானம் வரைபடத்திலிருந்து மறைந்துவிடும். அது எனக்குப் பழகியிருந்தது. சென்னையில் கிளம்பிக் கிழக்கே போகும் அந்தச் சின்ன மஞ்சள் விமானம், கரையைத் தாண்டியும் கொஞ்ச நேரம் கைபேசித் திரையில் நகரும். அப்புறம் ஓரிடத்தில் நின்று, மங்கி, காணாமல் போகும். அதன் சிக்னலை வாங்குகிற கருவிகள் கரையில்தான் இருக்கின்றன, கடலில் இல்லை, அவ்வளவுதான் விஷயம் என்று மகள் சொல்லியிருந்தாள். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கழித்து அந்தமான் பக்கத்தில் மறுபடி முளைக்கும்.

அந்த இடைவெளியைப் பேருந்தில் கழிப்பது என் வழக்கம். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு துணைமின் நிலையத்தில் எனக்கு வேலை. காலை ஷிப்டு இரண்டு மணிக்கு முடியும். திண்டிவனத்தில் பேருந்து ஏறும்போது விமானம் மறையும். விழுப்புரத்தில் இறங்கும்போது அது அந்தமான் பக்கத்தில் தெரியும். நடுவில் திரையைப் பார்ப்பதில் பயன் இல்லை என்பதால் அந்த நேரம் மட்டும்தான் நான் நிம்மதியாக இருப்பேன். வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் அப்படித்தான் இருந்தேன்.

மகள் சரக்கு விமானத்தில் கோ-பைலட். சொந்தக்காரர்கள் கேட்கும்போது "ஏர் ஹோஸ்டஸா?" என்பார்கள். "இல்ல, ஓட்டறா" என்றால் எந்தக் கம்பெனி, சீட்டு வாங்கித் தருவாளா என்பார்கள். சரக்கு விமானம், அதில் சீட்டே கிடையாது என்றதும் ஆர்வம் போய்விடும். என் மனைவி கோலியனூரில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. அவள் யாருக்கும் விளக்கம் சொல்வதில்லை. "வேலைக்குப் போறா" என்று முடித்துவிடுவாள். என் கைபேசியில் இருக்கும் வரைபடத்தையும் அவள் பார்க்க மாட்டாள். "அத பாத்துக்கினே இருந்தா நீங்க அவள தாங்கிப் புடிக்கப் போறீங்களா?" என்று ஒருமுறை கேட்டாள்.  பார்ப்பதை நான் நிறுத்தவில்லை.

இந்த ஆண்டின் தொடக்கத்தில் ஒருநாள் காலை, விடுப்பில் வந்திருந்த மகள் காப்பி குடித்துக்கொண்டே தன் விமானத்தில் போகும் கோழிக்குஞ்சுகளைப் பற்றிச் சொன்னாள். பொரித்து ஒரு நாள்கூட ஆகாத குஞ்சுகள். ஓட்டை போட்ட அட்டைப் பெட்டிகளில் அடுக்கடுக்காக ஏற்றுவார்கள். விமானிகள் அறைக்கதவுக்குப் பின்னாலேயே ஆரம்பித்து வால் வரைக்கும் பெட்டிகள்.

"ஏத்துனதுல இருந்து எறக்கற வரிக்கும் கீச்சு கீச்சுன்னு கத்திக்கினே இருக்கும்ப்பா. இன்ஜின் சத்தத்தையும் மீறி கேக்கும். மோசம் இன்னான்னா தூசி. அதுங்க ஒடம்புல இருந்து பஞ்சு மாதிரி உதிருது. மூச்சுக்காத்து வேற. உள்ள ஒரே ஈரம். புகைய கண்டுபிடிக்கிற கருவி அத புகைன்னு நெனச்சிக்கும்."

"நெனச்சிக்கினா?"

"மணியடிக்கும். சிவப்பு லைட் எரியும். ரெண்டு தடவ ஆயிடுச்சி. ரெண்டும் தரையில நிக்கும்போது. இன்ஜினியர் வந்து தொறந்து பாத்தாரு, ஒண்ணும் இல்ல. தொடச்சிட்டு கெளம்பு கெளம்புன்னாங்க." அப்புறம் கேட்டாள்: "உங்க ஸ்டேஷன்ல மணியடிச்சா உடனே ஓடுவீங்களாப்பா?"

"ஓடறதா? டீ குடிச்சிக்கினு இருந்தா குடிச்சி முடிச்சிட்டுதான்."

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. நிலையத்திலிருந்து ஒவ்வொரு திசைக்கும் ஒரு கம்பித்தடம் போகிறது. ஃபீடர் என்போம். கிளியனூர் பக்கம் ஒன்று, நெடுஞ்சாலைப் பக்கம் ஒன்று என்று. ஒரு ஃபீடர் தானாக அணைந்தால் கம்பியில் ஏதோ பட்டிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் அணில். இல்லையென்றால் காக்கை, தென்னை மட்டை. பட்ட மாத்திரத்தில் அது கருகி விழுந்துவிடும், கம்பி பழையபடி சுத்தமாகிவிடும். அதனால் உடனே ஆளைக் கிளப்பாமல் ஒரு தடவை மறுபடி போட்டுப் பார்ப்போம். அணையாமல் நின்றால் சரி. திரும்பவும் அணைந்தால்தான் லைன்மேன் வண்டியை எடுப்பார்.

இதை அவளுக்குச் சொன்னேன். "பத்துக்கு ஒம்போது அணிலுதான்" என்றேன்.

"பத்தாவது?"

"பத்தாவதுக்குத்தான் லைன்மேன் இருக்காரே."

சிரித்தாள். "எங்களுக்கு அப்பிடி இல்லப்பா. மணியடிச்சா நெருப்புதான். அணில்னு ஒண்ணு கெடையவே கெடையாது. அப்பிடித்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க."

நான் அங்கே நிறுத்தியிருக்கலாம். முப்பது வருடம் மணிகளோடு வாழ்ந்தவன் என்கிற மிதப்பில் நிறுத்தவில்லை. "ரெண்டு தடவ பொய் சொன்ன மணி அது. மூணாவது தடவ ஒரு நிமிஷம் பாத்துட்டு செஞ்சா இன்னா கெட்டுப்போவுது?" என்றேன்.

உள்ளே சாப்பாட்டு டப்பாவைக் கட்டிக்கொண்டிருந்த என் மனைவி குரல் கொடுத்தாள். "புள்ளைக்கு இன்னாத்த சொல்லித் தர்றீங்க? அவ ஓட்டறது கம்பி இல்ல."

"சும்மா பேசிக்கினு இருக்கறோம்" என்றேன்.

 மகள் டம்ளரை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.

இரண்டு மாதம் கழித்து அந்த நாள் வந்தது. காலையில் அவளிடமிருந்து ஒரு வரிச் செய்தி: "அந்தமான். இன்னைக்கும் குஞ்சுங்கதான்." நான் கட்டை விரலைத் தூக்கிக் காட்டும் படத்தை அனுப்பினேன். ஷிப்டு முடிந்தது. திண்டிவனத்தில் பேருந்து ஏறியபோது மஞ்சள் விமானம் வழக்கமான இடத்தில் மங்கிக்கொண்டிருந்தது. கைபேசியைச் சட்டைப் பையில் போட்டேன்.

பக்கத்து இருக்கையில் எப்போதும் போல மல்லாட்டை வியாபாரி. திண்டிவனம் சந்தையில் வேர்க்கடலை மூட்டைகளுக்கு வாங்குகிற ஆளைப் பிடித்துத் தருகிறவர், என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். தினமும் ஒரே பேருந்தில் திரும்புவதால் பழக்கம்.

"பொண்ணு இன்னிக்கு எங்க போவுது சார்?"

"அந்தமானுண்ணே."

"சரக்கு?"

"கோழிக்குஞ்சு. கொஞ்சம் காய்கறி."

"பாருங்க. கோழி ஏசியில பறந்துக்கினு போவுது. நாம இங்க ஜன்னல் சீட்டுக்கு அடிச்சிக்கினு கெடக்கறோம்." பின்னால் இருந்த பெண் ஒருத்தி சிரித்தாள். அவர் அவளுக்கும் சேர்த்துச் சொன்னார்: "சார் பொண்ணு லாரி டிரைவரும்மா. வானத்துல."

விக்கிரவாண்டிக்கு இன்னும் தூரம் இருந்தது. எதற்காகக் கைபேசியை எடுத்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. மணி பார்க்க எடுத்திருப்பேன். வரைபடம் திறந்தே இருந்தது. கடலில், அது வழக்கமாக மறைகிற இடத்தில், அந்த நேரத்தில் இருக்கக்கூடாத விமானம் இருந்தது. அதன் மூக்கு மேற்கே பார்த்திருந்தது. நிறம் சிவப்பு.

சிவப்பு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ஆபத்து என்று விமானிகள் ஒரு எண்ணை அழுத்தினால் அந்த வரைபடத்தில் நிறம் மாறும். இதைப் பற்றி ஒரு வருடம் முன்பே தேடிப் படித்து வைத்திருந்தேன். படித்ததை மகளிடம் சொல்லவில்லை.

வியாபாரி எட்டிப் பார்த்தார். "இன்னா சார், செவப்பா கீது? சார்ஜ் கம்மியா?"

 அவர் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் திரும்பக் கேட்கவில்லை.

என் மனதில் முதலில் சாமி வரவில்லை. அணில்தான் வந்தது. ஒரு நிமிஷம் பார்த்திருப்பாளோ என்பதுதான். நான் சொன்னபடி பார்த்திருந்தால், அந்த ஒரு நிமிடத்தில் நெருப்பு பெட்டியிலிருந்து பெட்டிக்குப் போயிருக்கும். அட்டை, வைக்கோல், பஞ்சு. நெருப்புக்கு வேறு என்ன வேண்டும். மின்சார நெருப்பு எப்படித் தாவும் என்று பார்த்தவன் நான். அதுதான் கண்ணுக்குள் ஓடியது.

திரையில் விமானத்தைத் தொட்டால் உயரம் தெரியும். இருபத்தைந்தாயிரம் அடி. கொஞ்சம் கழித்துப் பார்த்தேன். இருபத்தைந்தாயிரம். இன்னும் கொஞ்சம் கழித்து. அதே எண். நெருப்பு என்றால் தரையைத் தேடி இறங்க வேண்டும் அல்லவா? அது இறங்கவில்லை. அங்கேயே, அந்த உயரத்திலேயே, கரையை நோக்கி நேராக வந்துகொண்டிருந்தது. உள்ளே யாருக்கும் நினைவில்லையோ, தானாக ஓடுகிற விமானமோ என்று தோன்றியது. "எறங்கு" என்றேன். வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். முன்னால் நின்றிருந்த கண்டக்டர் திரும்பி, "இன்னும் விக்கிரவாண்டியே வரல சார்" என்றார்.

மனைவிக்குப் போன் செய்யவில்லை. அவள் வகுப்பில் இருப்பாள். சொன்னால் அவளும் இதையே பார்க்க வேண்டும். ஒருவர் பார்த்தால் போதும் என்று இருந்தது. வியாபாரி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை விழுப்புரம் வரைக்கும் விலகவில்லை.

கரையை நெருங்கும்போதுதான் எண் குறையத் தொடங்கியது. குறையத் தொடங்கியதும் மளமளவென்று குறைந்தது. அது இன்னொரு பயம். பேருந்து விழுப்புரம் நிலையத்துக்குள் திரும்பும்போது விமானம் சென்னை ஓடுபாதையின் மேல் இருந்தது. உயரம் பூஜ்யம். நின்றது. எப்போதும் இறங்கியதும் ஓடுபாதையை விட்டு ஓரமாகத் திரும்பி, தன் இடத்துக்கு ஊர்ந்து போகும். அன்று ஓடுபாதையின் நடுவிலேயே நின்றது. நகரவில்லை.

நாங்கள் இறங்கி நிலையத்தின் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். வியாபாரி சோடா வாங்கி வந்து திறந்து கொடுத்தார். குடித்ததைப் பெஞ்சுக்குப் பின்னாலேயே வாந்தி எடுத்தேன். அவர் தன் துண்டைக் கொடுத்தார்.

"எறங்கிடுச்சில்ல சார். எறங்கிட்டா மீதிய மனுஷன் பாத்துக்குவான்."

"நகர மாட்டேங்குதுண்ணே."

"நிக்கட்டும். எறங்கிடுச்சில்ல. நிக்கட்டும்."

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"அப்பா, நான்தான். என் போன் உள்ளயே மாட்டிக்கிச்சி. இது தீயணைப்புக்காரர் போனு."

"எங்கம்மா இருக்க?"

"கீழ. தரையில. புல்லு மேல உக்காந்துக்கினு இருக்கேன். ஒண்ணும் ஆவல. அம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன். நீ மேப்ல பாத்தியா?"

"இல்லம்மா."

"பாத்திருப்ப" என்றாள். அழைப்பு அறுந்தது.

நாலாவது நாள் வீட்டுக்கு வந்தாள். இரண்டு உள்ளங்கைகளிலும் கட்டு. நின்றதும் விமானிகள் அறை ஜன்னலைத் திறந்து, கயிற்றைப் பிடித்து வழுக்கி இறங்கியிருக்கிறார்கள். கயிறு தோலை உரித்துவிட்டது. சோற்றைப் பிசைய முடியவில்லை. அவள் அம்மா உருண்டை பிடித்து ஊட்டினாள். இருபத்தேழு வயதுப் பெண் மறுப்புச் சொல்லாமல் வாயைத் திறந்தாள். அது எனக்குக் கலக்கமாக இருந்தது. சாதாரணமாக அவள் அதற்கு இடம் கொடுக்கிற பெண் இல்லை.

முதல் நாள் முழுக்கத் தூங்கினாள். மறுநாள் காலை, அம்மா பள்ளிக்குப் போன பிறகு, நான் கேட்காமலே சொன்னாள். நான் அன்று விடுப்பு எடுத்திருந்தேன்.

கிளம்பி நாற்பது நிமிடம் ஆகியிருந்ததாம். நடுக்கடல். மணி அடித்தது, சிவப்பு விளக்கு எரிந்தது. பின்னால் சரக்குத் தளத்தில் நெருப்பு என்று பொருள். அப்போது முதல் வேலை முகமூடி. பிராணவாயுவோடு கூடிய முகமூடியை யோசிக்காமல் இழுத்து மாட்ட வேண்டும். அதன் பிறகுதான் பேச்சே. அதன் பிறகு சரக்குத் தளத்துக்குப் போகும் காற்றை அடைத்து, உள்ளே இருக்கும் காற்றழுத்தத்தை வெளியே விட வேண்டும். காற்று மெலிந்தால் நெருப்பு மூச்சுத் திணறி அடங்கும். அதற்காகத்தான் அந்த இருபத்தைந்தாயிரம் அடி. கடைசி வரைக்கும் கீழே இறங்கக் கூடாது, இறங்கினால் நெருப்புக்கு மறுபடி காற்று கிடைத்துவிடும். பேருந்தில் உட்கார்ந்து நான் எறங்கு எறங்கு என்று வேண்டிக்கொண்டது எதை என்று அப்போதுதான் புரிந்தது.

காற்றை விட்டால் மனிதர்களுக்கு முகமூடி இருக்கிறது. குஞ்சுகளுக்கு இல்லை.

"கேப்டன் மணியடிச்ச ஒடனே மாஸ்க்க போட்டுட்டாருப்பா. நான் போடல."

நான் அவள் கட்டுப் போட்ட கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கை மேல போச்சி. பாதியில நின்னுச்சி. பின்னால அதுங்க கத்திக்கினு இருக்கறது கேக்குது. நான் சொல்றேன், சார், குஞ்சாத்தான் இருக்கும், ஒரு நிமிஷம் பாக்கலாமான்னு."

"அவரு?"

"அவரு ஒண்ணும் பேசல. மாஸ்க்க காட்டுனாரு. விரல நீட்டி. அப்புறம்தான் போட்டேன். பதினோரு செகண்டு."

"பதினோரு செகண்டுன்னு எப்பிடி தெரியும்?"

"ரெக்கார்டு இருக்குதுப்பா. விசாரணையில போட்டுக் காட்டுனாங்க."

அதற்கு மேல் எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கிறது. செய்ய வேண்டியவற்றின் பட்டியலை அவள் வாசித்தாள், அவர் விமானத்தைத் திருப்பினார். குளிர் இறங்கி, கண்ணாடியின் உட்புறம் வெண்மையாகப் படிந்ததாம். விரல்கள் மரத்துவிட்டன. முகமூடிக்குள் தன் மூச்சு மட்டும்தான் கேட்டதாம். அரை மணிக்கும் மேலாக அது ஒன்றுதான். பின்னால் எரிகிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. கதவைத் திறந்து பார்க்கவும் கூடாது. கதவைத் தொட்டுப் பார்த்தாளாம். சூடாக இல்லை. அது எதையும் நிரூபிக்காது என்று அவருக்கும் தெரியும், இவளுக்கும் தெரியும்.

"தரையில நின்ன ஒடனே மாஸ்க்க கழட்டுனேன். சத்தமே இல்லப்பா. கெளம்பறப்ப அவ்ளோ சத்தம் போட்டுச்சிங்க."

நெருப்பு இல்லை. பஞ்சும் ஈரமும்தான். கருவியின் வாயில் வெள்ளையாகத் தூசி அப்பியிருந்ததை எடுத்துக் காட்டினார்களாம். பெட்டிகளில் ஒரு குஞ்சுகூட உயிரோடு இல்லை.

சொல்லி முடித்து என்னைப் பார்த்தாள். "நீ சொன்னதுதாம்ப்பா சரி. அணிலுதான்" என்றாள். கிண்டலும் இல்லை, கோபமும் இல்லை. தகவல் சொல்வது போலச் சொன்னாள்.

துணைமின் நிலையத்தில் எல்லோரும் எனக்கு வாழ்த்துச் சொன்னார்கள். பொய்யாக அடித்ததாமே, தப்பித்தாள், கும்பிடு போடுங்கள் என்றார்கள். நானும் தலையாட்டினேன். நெருப்பு இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஒரு தகப்பன் எழுதலாமா? ஒரு மூலையில், ஒரு பெட்டி, அணைந்து போகிற அளவுக்கு. அப்படி இருந்திருந்தால் நான் சொன்னது பொய்யாகியிருக்கும். அவளும் அதை மறந்து தொலைத்திருப்பாள். இப்போது மூன்று தடவை மணியடித்து மூன்றும் அணில். அத்தனை உயிர் போனது. நாலாவது தடவை அவள் கை எங்கே நிற்கும்? எனக்கு உறக்கம் கெட்டது அந்தக் கேள்வியால். கடந்து போன ஆபத்தால் அல்ல.

அவள் இதையெல்லாம் சொன்ன அன்று மத்தியானமே அவளிடம் சொல்லப் பார்த்தேன். "நாங்க வெளிய நிக்கறோம்மா. கம்பி எரிஞ்சா எங்கியோ ஒரு வயல்ல எரியும். போட்டுப் பாக்கறதுக்கு எங்களுக்கு இடம் இருக்குது. நீ அந்தக் கம்பி மேலயே உக்காந்துக்கினு இருக்க. நான் சொன்னது உனக்கு ஆவாது. அத மறந்துடு."

"தெரியும்ப்பா. தெரிஞ்சிக்கினேதான் ஒரு நிமிஷம்னு கேட்டேன். அதான் பயமா இருக்குது."

"கேப்டன் இத எழுதிட்டாரா?"

"அவரு எழுதல. நீ எழுதணும்னா எழுதுன்னாரு. எழுதிட்டேன். மாஸ்க் போட லேட் ஆச்சி, நான்தான் தயங்குனேன்னு. எதுக்காகன்னு கேட்டாங்க. பழைய ரெண்டு மணியையும் சொன்னேன்." கொஞ்சம் நிறுத்தி, "எங்கப்பா சொன்னாருன்னு எழுதல" என்றாள். இப்போதுதான் லேசாகச் சிரித்தாள்.

மூன்று வாரம் ஓய்வு. அதன் பிறகு பயிற்சிக் கூடத்தில் போலி விமானத்தில் ஒரு சோதனை. தேறினால் மறுபடி அதே வேலை. வேறு வேலை பார்க்கக் கூடாதா என்று நான் கேட்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். மூன்று தடவை கேட்டேன். மூன்றாவது தடவை அவள் சொன்னாள்: "வேற வேல பாக்கறது இருக்கட்டும். நீதான கெடுத்த, நீயே சரி பண்ணு."

"எப்பிடி?"

"நான் வேற எதனா செஞ்சிக்கினு இருக்கும்போது திடீர்னு ஃபயர்னு கத்து. என் கை மூஞ்சிக்கு எப்ப போவுதுன்னு பாரு."

முதல் நாள் சாயங்காலமே என் மனைவி அதை நிறுத்தினாள். "வெளக்கு வெக்கிற நேரத்துல வீட்டுக்குள்ள நெருப்பு நெருப்புன்னு கத்தாதீங்க. வேற எதனா பண்ணுங்க." அதனால் கைதட்டல் என்று ஆயிற்று. ஒரே ஒரு தட்டு. அவள் செய்தித்தாள் படிக்கும்போது தட்டினேன். துணி மடிக்கும்போது, போனில் தோழியோடு பேசும்போது, வாய்க்குள் சோறு இருக்கும்போது தட்டினேன். கட்டுப் போட்ட வலது கை தோளுக்குப் பக்கத்தில் இல்லாத முகமூடியைப் பிடித்து இழுத்து முகத்துக்கு வர வேண்டும். முதல் வாரம் ஒவ்வொரு தடவையும் கை பாதியில் ஒரு கணம் நின்றது. எங்கே நிற்கிறது என்றுகூட எனக்குப் பழகிவிட்டது. காதுக்குக் கீழே, தாடையின் ஓரத்தில்.

"நின்னுச்சா?"

"நின்னுச்சி."

"சரி."

என் மனைவி இதைப் பார்த்துக்கொண்டே கீரை ஆய்வாள். ஒருநாள் அவளே, மகளுக்குப் பின்னால் போய், திடீரென்று தட்டினாள். மகளின் கை போனது. "என்னுதுக்கு நிக்கல பாத்தீங்களா. உங்களுதுக்குத்தான் நிக்குது" என்றாள் என்னிடம். சாதாரணமாகத்தான் சொன்னாள். அவளுக்கு எல்லாம் தெரியும் என்று அப்போது தெரிந்தது. அந்தக் காலையில் டப்பாவைக் கட்டிக்கொண்டே அவள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள் அல்லவா.

கட்டுகள் அவிழ்ந்தன. புதுத்தோல் இளஞ்சிவப்பாக இருந்தது. மூன்றாவது வாரத்தில் கை நிற்பது குறைந்தது. பத்துக்கு எத்தனை என்று நான் கணக்கு வைக்கவில்லை. அப்படி எண்ணுவதே எனக்கு வெறுத்துவிட்டது.

அவள் கிளம்பிய நாள் காலை, விழுப்புரம் ரயில் நிலையத்தில் இருவரும் நின்றிருந்தோம். சென்னை வண்டி வர நேரம் இருந்தது. தண்ணீர் பாட்டில் வாங்கக் கடைப்பக்கம் திரும்பினாள். கடைக்காரரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பின்னாலிருந்து தட்டினேன். நடைமேடையில் அது பெரிய சத்தமாகக் கேட்டது. பாட்டில் கீழே விழுந்து உருண்டது. கை மேலே போனது. பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

குனிந்து பாட்டிலை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"நின்னுச்சா?"

இல்லை என்று சொல்ல வாய் வந்தது. ஒரு வாரம் கழித்து அவளுக்குச் சோதனை. வண்டி ஏறப் போகிற பிள்ளையிடம் எந்தத் தகப்பனும் இல்லை என்றுதான் சொல்வான்.

"நின்னுச்சிம்மா" என்றேன். "கொஞ்சம்தான். ஆனா நின்னுச்சி."

தலையாட்டினாள். வண்டி வந்தது. பையை மேலே வைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, உள்ளங்கையைக் கம்பியில் படாமல் வைத்துக்கொண்டு, "போய்ட்டு வர்றேம்ப்பா" என்றாள். வண்டி நகர்ந்தது. நான் நடைமேடையின் கடைசி வரைக்கும் போய் நின்றேன். அன்று எனக்கு மத்தியான ஷிப்டு. வீட்டுக்குப் போக மனமில்லாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் கைபேசி அடித்தது.

"திண்டிவனத்துல நிக்குதுப்பா வண்டி. கூட்டம் ஏறிக்கினு இருக்குது. போன காதுலயே வெச்சிக்கினு இருக்கேன். நான் பேசிக்கினே இருப்பேன், நடுவுல தட்டு."

பேசினாள். ஏறியவர்கள் யாரோ மூட்டையைக் காலில் வைத்ததைப் பற்றி, ஜன்னலில் ஒருவர் வெள்ளரிக்காய் விற்பதைப் பற்றி. நான் கைபேசியை மடியில் வைத்து, ஒலிபெருக்கியைப் போட்டு, காத்திருந்தேன். அவள் ஒரு வாக்கியத்தின் பாதியில் இருந்தபோது தட்டினேன்.

பேச்சு அறுந்தது. கூட்டத்தின் சத்தம் கேட்டது. வண்டி கிளம்பும் ஊதல் கேட்டது.

"இப்ப நிக்கலப்பா" என்றாள்.

என்னால் பார்க்க முடியாது. "சரிம்மா" என்றேன்.